பழைய நிக்கல் ரிவோல்வர்: விலை மதிப்பதும் பராமரிப்பதும் – திருகோணமலையிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

திருகோணமலையில் அனுமதிப்பத்திரத்தோடு கைத்துவக்கு வைத்திருக்கும் வீடுகள் மிகக் குறைவு. கடை முதலாளி ஒருவரின் இரும்புப் பெட்டியிலோ, காலமான சட்டத்தரணி ஒருவரின் அலுமாரியிலோ பழைய ரிவோல்வர் ஒன்று இருந்தால், பெரும்பாலும் அது வெள்ளி மாதிரி மின்னும் நிக்கல் பூச்சுத் துவக்காகவே இருக்கிறது. மின்னுகிறது என்பதற்காகவே அதற்கு அளவுக்கு மீறி விலை சொல்கிறார்கள். மின்ன வைக்க வேண்டும் என்பதற்காகவே அதைத் தேய்த்துக் கெடுக்கவும் செய்கிறார்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த இரண்டு தவறுகளையும் தடுக்கத்தான்.

வாங்குவதற்கு முன் முதலில் பார்க்க வேண்டியது என்ன?

பத்திரம். துவக்கைக் கையில் எடுப்பதற்கு முன்பே பத்திரத்தைக் கேளுங்கள். இலங்கையில் துவக்குகளை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். பயிர்க்காவலுக்கான நீள்துவக்கு வேறு, ரிவோல்வர் வேறு. ரிவோல்வர், பிஸ்டல் விடயம் பாதுகாப்பு அமைச்சின் கையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31ஆம் திகதியோடு முடியும், புதுப்பிக்க வேண்டும். 2024 இறுதியில் தனியாருக்குக் கொடுத்த துவக்குகளைத் திருப்பிக் கையளிக்கச் சொல்லி அமைச்சு மீளாய்வு செய்ததையும் நினைவில் வையுங்கள். அதனால் முந்திய வருடத்துப் பத்திரத்தைக் காட்டி ஒருவர் "எல்லாம் சரி" என்றால், அது சரியில்லை.

பத்திரத்தில் உள்ள தொடர் எண்ணும் துவக்கில் உள்ள எண்ணும் ஒன்றா என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எண் சுரண்டப்பட்டிருந்தால் அதற்கு விலையே கிடையாது. அந்த இடத்தை விட்டு எழும்பி வந்துவிடுங்கள். கை மாற்றுவதற்கு முன் அமைச்சின் அனுமதி எழுத்தில் வேண்டும். "இப்ப காசைத் தாங்கோ, கடதாசியைப் பிறகு பாப்பம்" என்ற பேச்சுக்கு இந்த விடயத்தில் இடமே இல்லை.

அப்பா தவறிய பிறகு அவருடைய அலுமாரியில் ஒரு ரிவோல்வர் இருக்கக் கண்டோம். என்ன செய்வது?

தொடாதீர்கள். அறையைப் பூட்டிவிட்டுப் பொலிஸ் நிலையத்துக்கு அறிவியுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லி வையுங்கள். அப்பாவின் பெயரில் இருந்த அனுமதி அப்பாவோடு முடிந்துவிட்டது. பிள்ளைகளுக்கு அது தானாக இறங்காது. பையில் போட்டுக்கொண்டு நீங்களே பொலிசுக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். வழியில் சோதனைச் சாவடியில் மறித்தால் நல்லெண்ணத்தை நிரூபிக்க முடியாது. அவர்களே வந்து எடுத்துப் பதிந்து பற்றுச்சீட்டுத் தரட்டும். அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு உரிமை கோருவதா, அரசிடம் விட்டுவிடுவதா என்பதைக் குடும்பமாக இருந்து பேசலாம்.

பூச்சு நிக்கலா, குரோமியமா, துருப்பிடிக்காத உருக்கா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நிக்கலில் மெல்லிய மஞ்சள் சாயை இருக்கும். குரோமியம் நீலம் கலந்த குளிர்ந்த வெள்ளை. துருப்பிடிக்காத உருக்கில் பூச்சே இல்லை, உலோகமே அந்த நிறம். அதில் உரிவு இருக்காது. அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் தன் முதல் துருப்பிடிக்காத உருக்கு ரிவோல்வரான மொடல் 60ஐ வெளியிட்டது 1965இல். அதற்கு முந்திய துவக்கு வெள்ளையாக இருந்தால், பூச்சு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

தொழிற்சாலைப் பூச்சா, பிறகு யாரோ பூசியதா?

விலையில் பாதி இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் எழுத்துகளைப் பாருங்கள். குழலின் மேலும் பக்கத்திலும் நிறுவனத்தின் பெயர், காப்புரிமைத் திகதிகள் எல்லாம் பொறித்திருக்கும். தொழிற்சாலைப் பூச்சில் அந்த எழுத்துகளின் ஓரம் கூராக இருக்கும். நகத்தால் தடவினால் தட்டுப்படும். மறுபூச்சுக்கு முன் பழைய துருவை நீக்க உலோகத்தைச் சக்கரத்தில் பிடித்துத் தேய்த்திருப்பார்கள். எழுத்துகள் ஆழம் குறைந்து மழுங்கிப் போயிருக்கும். திருகாணித் துளைகளைச் சுற்றிச் சிறு பள்ளம் விழுந்திருக்கும். கூரான விளிம்புகள் உருண்டிருக்கும். பக்கத் தகடும் துவக்கின் உடற்சட்டமும் சேரும் கோட்டை அடுத்துப் பாருங்கள். நல்ல தொழிற்சாலை வேலையில் அந்தக் கோடு தலைமயிர் அளவுக்குத்தான் தெரியும்.

அடுத்தது சுத்தியலும், சுட விரலால் இழுக்கும் விசையும். ஸ்மித் அண்ட் வெசனின் நிக்கல் ரிவோல்வர்களில் இவ்விரண்டுக்கும் பொதுவாக நிக்கல் பூச மாட்டார்கள். கடினப்படுத்திய உருக்கின் பழுப்பும் நீலமும் கலந்த நிறத்தோடு விட்டுவிடுவார்கள். அந்த நிறுவனத்தின் 19ஆம் நூற்றாண்டு மடிப்புத் துவக்குகளில் (குழலைக் கீழே மடித்துத் திறப்பவை) விசைக் காப்பு வளையமும் நீலக் கறுப்பாகவே இருக்கும். சுத்தியல், விசை, காப்பு வளையம், திருகாணித் தலை, ஊசிகள் எல்லாம் ஒரே வெள்ளையாக மின்னினால், முழுத் துவக்கையும் ஒன்றாகத் தொட்டியில் அமிழ்த்திப் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மூன்றாவது, நிறுவனமே திருத்திய துவக்குகள். ஸ்மித் அண்ட் வெசனுக்குத் திருப்பி அனுப்பி மறுபூச்சுச் செய்தவற்றில் தொடர் எண்ணுக்கு அருகே சிறிய நட்சத்திரக் குறி ஒன்று இடும் வழக்கம் இருந்தது. அது இருந்தால் வேலை தரமானது. ஆனாலும் சேகரிப்பாளர் அதற்குத் தொழிற்சாலை இட்ட முதற்பூச்சின் விலையைத் தர மாட்டார்.

முதற்பூச்சில் அங்கங்கே உரிந்திருக்கும் துவக்கை, முழுதும் மின்னும் மறுபூச்சுத் துவக்கை விட மேலாக மதியுங்கள். இதைச் சொன்னால் விற்பவர்களுக்குக் கோபம் வருகிறது. ஆனால் துவக்கைத் தெரிந்தவர்கள் எந்த நாட்டிலும் இப்படித்தான் விலை பேசுகிறார்கள்.

"யுத்த காலத்து நேவிக்காரன் விட்டுப்போனது, அதனால் விலை கூட" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

இந்தக் கதைக்குத் திருகோணமலையில் தனி வலு உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் இந்தத் துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் பெரிய தளம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டன. கடற்படை தளத்தை விட்டுப்போனது 1957இல். ஊரில் பழைய சாமான் எதைக் கண்டாலும் "வெள்ளைக்காரன்ட" என்று சொல்லிவிடுவது வழக்கம்.

ஆனால் அந்தக் காலத்துப் படைத் துவக்குகள் நிக்கல் பூச்சோடு வரவில்லை. வெப்லி, என்பீல்ட் ரிவோல்வர்கள் கறுப்பு அல்லது நீலக் கறுப்பு. அமெரிக்கா பிரித்தானியாவுக்குக் கொடுத்த ஸ்மித் அண்ட் வெசன் விக்டரி மொடலின் பூச்சு மங்கிய சாம்பல்; தொடர் எண் "வி" எழுத்தில் தொடங்கும், கைப்பிடியின் அடியில் கயிறு கட்டும் வளையம் இருக்கும், பலவற்றில் சிலிண்டருக்கு மேலே உள்ள சட்டத்தில் அமெரிக்க அரசின் சொத்து என்ற பொறிப்பு இருக்கும். இந்த அடையாளங்கள் உள்ள துவக்கு இன்று வெள்ளையாக மின்னினால், யுத்தத்துக்குப் பிறகு யாரோ பூசியது அது. கதை உண்மையாகவே இருக்கலாம். பூச்சு அந்தக் கதைக்கு உரியது அல்ல. கதையின் பெறுமதியை அந்தப் பூச்சு குறைத்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

கதைக்குக் காசு கொடுப்பதானால் கடதாசி கேளுங்கள்: பழைய பற்றுச்சீட்டு, முதல் அனுமதிப்பத்திரம், உரியவரின் பெயர் பொறித்த உறை, இப்படி ஏதாவது ஒன்று.

பொறி நல்ல நிலையில் இருக்கிறதா என்று சுடாமல் எப்படிப் பார்ப்பது?

உரியவர் முன்னிலையில், அவருடைய சம்மதத்தோடு பாருங்கள். முதலில் சிலிண்டரை, அதாவது தோட்டா போடும் சுழல் உருளையைத் திறந்து அதன் ஒவ்வொரு தோட்டா அறைக்குள்ளும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி, வெறுமை என்று உறுதி செய்யுங்கள். இன்னொருவர் கையில் கொடுத்துத் திருப்பி வாங்கினால் மறுபடியும் பாருங்கள். குழல் எப்போதும் ஆளில்லாத திசையில், தரையை நோக்கியே இருக்கட்டும்.

சுத்தியலை மெல்லப் பின்னுக்கு இழுங்கள். இழுக்கும்போது மற்றக் கையின் பெருவிரலால் சிலிண்டரை இலேசாக உரசித் தடுத்துப் பிடியுங்கள். சுத்தியல் முழுதும் பின்னே வந்து பூட்டுவதற்குள் சிலிண்டரும் தன் பள்ளத்தில் "டிக்" என்று பூட்ட வேண்டும். சுத்தியல் பூட்டிய பின்னும் சிலிண்டர் பாதி வழியில் நின்றால் நேரம் தப்பியிருக்கிறது. அப்படிப்பட்ட துவக்கில் அறையும் குழலும் நேர்கோட்டில் நிற்காது. சன்னம் குழலின் விளிம்பில் அடித்து ஈயத்துண்டு பக்கவாட்டில் தெறிக்கும். இதை எல்லா அறைகளுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஐந்து அறை நன்றாகப் பூட்டி ஆறாவது தப்புவது வழமையான குறை.

பூட்டிய நிலையில் சுத்தியலின் முதுகில் பெருவிரலால் முன்னோக்கி அழுத்துங்கள், விசையைத் தொடாமல். சுத்தியல் நழுவி விழுந்தால் அந்தத் துவக்கு ஆபத்தானது. திருத்தாமல் தொடவே வேண்டாம்.

சிலிண்டரை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், பக்கவாட்டிலும். சிறு அசைவு இருக்கலாம், லொடலொடவென்று ஆடக் கூடாது. சிலிண்டரின் முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் இடையில் வெளிச்சம் தெரியும். அந்த இடைவெளி ஏறத்தாழ 0.15 மி.மீ. இருந்தால் நல்லது, 0.25 மி.மீ.க்கு மேல் போனால் தேய்வு. மோட்டார் சைக்கிள் கராஜில் வால்வு இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகள் இதற்குப் போதும். அந்தத் தகடுகளைத் தனியாக வாங்கிக்கொண்டு போங்கள்.

கடைசியாகக் குழலுக்குள். சிறிய டோர்ச் ஒன்றை ஒரு முனையில் பிடித்து மறுமுனையால் பாருங்கள். சுருள் கோடுகள் கூராகத் தெரிய வேண்டும். உள்ளே வளையம் போல ஒரு நிழல் தெரிந்தால், ஒரு காலத்தில் சன்னம் சிக்கி அடுத்த வெடியில் குழல் வீங்கியிருக்கிறது. நிக்கல் வெளியில்தான் இருக்கும். குழலின் உள்ளே வெறும் உருக்கு. வெளியில் கண்ணாடி, உள்ளே துருக்குழி என்று பல துவக்குகள் இந்தக் கரையில் இருக்கின்றன.

படங்களில் வருவது போலச் சிலிண்டரைக் கையால் உதறி மூடுபவரிடம் எதையும் வாங்காதீர்கள். அப்படி மூடி மூடியே சிலிண்டரைத் தாங்கும் கரம் வளைந்திருக்கும்.

".38" என்று இருக்கிறது. எல்லா .38 தோட்டாவும் ஒன்றுதானே?

இல்லை. .38 ஸ்மித் அண்ட் வெசன் என்ற பழைய தோட்டா வேறு, .38 ஸ்பெஷல் வேறு. பழையது தடித்தது, கட்டை. கோதின் (மருந்து அடைத்த உலோகக் கூட்டின்) நீளம் 0.775 அங்குலம். ஸ்பெஷல் ஒடுங்கியது, நீளமானது, 1.155 அங்குலம். பிரித்தானியப் படைக்கு வந்த விக்டரி மொடல்கள் பழைய தோட்டாவுக்கானவை. யுத்தத்துக்குப் பிறகு பல துவக்குகளின் அறைகளைத் துளைத்து நீட்டி ஸ்பெஷல் போடும்படி மாற்றினார்கள். அப்படி மாற்றியதில் சுட்டால் கோது அடியில் வீங்கும், வெடித்துப் பிளக்கவும் கூடும். அறைக்குள் படி போன்ற ஓரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்; பழைய கோதின் நீளத்தைத் தாண்டி முன்னே இருந்தால் அது மாற்றியது. மாற்றிய துவக்குக்குச் சேகரிப்பாளரிடமும் விலை இல்லை, பாவிப்பவரிடமும் இல்லை.

ஐவர் ஜோன்சன், ஹரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன், ஹொப்கின்ஸ் அண்ட் அலன் போன்ற நிறுவனங்களின் மலிவான மடிப்புத் துவக்குகளும் பெரும்பாலும் நிக்கல்தான். அவற்றில் பழையவை கரிமருந்துக்குச் செய்தவை. ஐவர் ஜோன்சன் இன்றைய தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்துக்கு ஏற்றபடி தன் துவக்கை மாற்றியமைத்தது 1909இல். அதற்கு முந்தியதைக் காட்சிக்கு மட்டும் வையுங்கள்.

சரி, விலையை எப்படிக் கணக்கிடுவது?

ரூபாயில் ஒரு தொகை சொல்லச் சொல்லிக் கேட்கிறீர்கள். சொல்ல மாட்டேன். இங்கே சட்டப்படி வாங்கக்கூடியவர் தொகை அவ்வளவு சிறியது. சந்தை விலை என்று ஒன்று உருவாகவே வழியில்லை. கணக்கிடும் ஒழுங்கைத் தருகிறேன்.

முதலில் பத்திரம், அது இல்லாவிட்டால் விலை பூச்சியம். அடுத்தது பொறி, நேரம் தப்பியிருந்தால், பூட்டு ஆடினால், திருத்தும் செலவை முழுதாகக் கழியுங்கள். உதிரிப்பாகம் இங்கே கிடைக்காது, திருத்த அனுமதியுள்ள கைகளும் அரிது என்பதால் அந்தக் கழிவு பெரிதாகவே இருக்கும். அதற்குப் பிறகு நிறுவனமும் மொடலும். பூச்சு கடைசியில் வரட்டும். முதற்பூச்சாக இருந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள். மறுபூச்சாக இருந்தால், அதே துவக்கு முதற்பூச்சோடு பெறக்கூடியதில் பாதியைத் தாண்டாதீர்கள்.

விற்பவர்கள் இந்த ஒழுங்கைத் தலைகீழாகச் சொல்வார்கள். உறையிலிருந்து உருவி, வெயிலில் பிடித்து, "பாருங்கோ ஐயா, புதுசு மாதிரி" என்றுதான் தொடங்குவார்கள். அதைக் கேட்டுவிட்டுப் பத்திரத்தைக் கேளுங்கள்.

அமெரிக்க இணைய ஏலத்தில் இதே துவக்குக்குப் பெரிய விலை போகிறதே? கனடாவில் உள்ள அண்ணா வாங்கலாமா?

அங்கே வாங்குபவர் கூட்டம் வேறு, சட்டம் வேறு. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 1898இலோ அதற்கு முன்போ செய்த துவக்கு பழம்பொருள் என்று தனி வகை. அந்த வகைக்காகவே சிலர் கூடக் கொடுக்கிறார்கள். அந்தச் சலுகை இங்கே இல்லை. கனடாவில் 2022 ஒக்டோபர் 21ஆம் திகதியிலிருந்து கைத்துவக்கு வாங்கல், விற்றல், கைமாற்றல் முடக்கப்பட்டிருக்கிறது. பிரித்தானியாவில் 1997இலிருந்தே தனியாருக்குக் கைத்துவக்கு பெரும்பாலும் தடை. அண்ணாவுக்கு அனுப்பும் யோசனையை விட்டுவிடுங்கள். துவக்கின் ஒரு பாகத்தைக்கூடப் பொதியில் வைத்து அனுப்ப வேண்டாம்.

கடற்காற்றில் நிக்கல் துருப்பிடிக்காது என்கிறார்களே, உண்மையா?

நிக்கல் துருப்பிடிக்காது. நிக்கலுக்குக் கீழே இருக்கும் உருக்கு பிடிக்கும். பூச்சில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் உண்டு. உப்பு ஈரம் அதன் வழியே இறங்கும். உள்ளே துரு வளர்ந்து பருத்து, மேலே இருக்கும் நிக்கலைக் கொப்புளமாகத் தூக்கும். ஒருநாள் அது செதிலாகக் கழரும்.

உப்புவெளியில் கடலுக்கு நேரே இருக்கும் ஒரு வீட்டில் பார்த்த துவக்கைச் சொல்கிறேன். தோல் உறைக்குள்ளேயே வருடக்கணக்காகக் கிடந்தது. மேற்பக்கம் முகம் பார்க்கலாம் போல இருந்தது. திருப்பினால், உறையின் தையல் எங்கெல்லாம் பட்டதோ அந்தக் கோட்டின் வழியே தையலின் வரிசையாகவே பழுப்புப் புள்ளிகள். உறையின் பித்தளைப் பொத்தான் பட்ட இடத்தில் பச்சைக் களிம்பு. குழலின் வாயருகே பூச்சு ஓர் அரிசி அளவுக்கு உரிந்து, அதன் ஓரம் நகத்தில் மாட்டியது. வீட்டுக்காரர் ஒரு நாளும் சுடவில்லை, ஒரு நாளும் கீழே போடவில்லை. எல்லாம் உறை செய்த வேலை.

தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். பதனிட்ட அமிலமும் அதில் மிச்சம் இருக்கும். ஆகவே உறை வேறு, துவக்கு வேறாக வையுங்கள். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் புகாத பெட்டியில், சிலிக்கா ஜெல் பைகளோடு, பூட்டிய இரும்புப் பெட்டிக்குள். தோட்டா வேறு இடத்தில், வேறு பூட்டில். சிலிக்கா ஜெல்லை மாதம் ஒரு முறை இளஞ்சூட்டு அடுப்பில் காயவைத்துத் திருப்பிப் போடுங்கள்.

வாடைக்காற்றுக் காலத்தில், ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காற்று காய்ந்திருந்தாலும் வியர்வைக் கை பட்டால் உப்புதான். தொட்ட பிறகு துடைக்காமல் வைக்காதீர்கள். தம்பலகாமம் போல உள்ளே தள்ளி இருப்பவர்களுக்கு மாதம் ஒருமுறை போதும்.

வெளிப்பக்கத்துக்கு நல்ல மெழுகுப் பூச்சு எண்ணெயை விட மேல். மெழுகு ஊசித்துளைகளை அடைக்கும், தூசியையும் பிடிக்காது. குழலுக்கும் அறைகளுக்கும் மட்டும் மெல்லிய எண்ணெய்த் துணியை ஓட விடுங்கள்.

பிராசோ போட்டுத் தேய்க்கலாமா? அம்மா விபூதியால் வெள்ளிச் சாமான் துலக்குவாரே?

இரண்டும் வேண்டாம். பித்தளை துலக்கும் பிராசோவில் அமோனியா இருக்கிறது. நிக்கலுக்கு அடியில் செம்புப் படை இட்ட துவக்குகளில், உரிந்த இடத்தின் வழியே அமோனியா இறங்கிச் செம்பைத் தின்னும். மேலே உள்ள நிக்கல் பிடிமானம் இழந்து தாளாகக் கழரும். குழல் கழுவும் மருந்துகளிலும் செம்பைக் கரைப்பவை உண்டு. ஹொப்பிஸ் 9 போன்றவற்றைக் குழலுக்குள் மட்டும் பாவித்து, வெளியில் வழிந்ததை உடனே துடையுங்கள், ஊற வைக்காதீர்கள்.

விபூதி நுண்ணிய அரம். வெள்ளியில் அது கழிப்பது தெரியாது. நிக்கல் பூச்சு அதைவிட மெல்லியது, மூலைகளில் முதலில் போய்விடும். புளி, தேசிக்காய் எதுவும் கிட்ட வரக் கூடாது. மங்கல் நீங்க வேண்டுமானால் துளி எண்ணெய் விட்ட மென்துணியால் மெதுவாகத் துடையுங்கள். அதற்குப் பிறகும் மிஞ்சும் இலேசான பால்மங்கல் வயதின் நிறம். அதை அப்படியே விடுங்கள்.

தேங்காய் எண்ணெய் போடலாமா?

வேண்டாம். நாளாக நாளாகச் சிக்குப் பிடித்துப் பொறிக்குள் பிசினாக இறுகும். தையல் மெசின் எண்ணெய் நல்லது. ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு துளி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

கைப்பிடி யானைத் தந்தம் என்கிறார். கூடக் கொடுக்கலாமா?

தந்தத்தில் குறுக்கும் நெடுக்குமாக வலை போன்ற நுண்கோடுகள் வெட்டுமுகத்தில் தெரியும். ஒரே சீரான வெண்மையாக இருந்தால் பிளாஸ்டிக். உண்மைத் தந்தமாக இருந்தால் அது இன்னும் சிக்கல். உலகத் தந்த வணிகம் 1989இல் எடுத்த தீர்மானத்தின்படி தடைக்குள் வந்தது. இங்கே வனசீவராசிகள் சட்டமும் இருக்கிறது. இரண்டு சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒரு சாமானுக்குக் கூடக் காசு கொடுக்காதீர்கள்.

பூச்சு உரியத் தொடங்கிவிட்டது. மறுபடி பூசுவிக்கலாமா?

வாகன உதிரிகளுக்கு நிக்கல், குரோமியம் பூசும் கடைகளுக்குக் கொண்டுபோகாதீர்கள். அனுமதியில்லாத ஒருவர் கையில் துவக்கைக் கொடுப்பதே குற்றம். வேலையாகப் பார்த்தாலும், பழைய பூச்சை அமிலத்தில் கழற்றி, சக்கரத்தில் தேய்த்து, எழுத்துகளை மழுக்கித்தான் தருவார்கள். அமிலத்தின் ஈரம் பொறிக்குள் தங்கினால் மீதியும் போய்விடும்.

உரிந்த இடத்தில் தளர்ந்து நிற்கும் செதிலைப் பிய்க்காதீர்கள். துருவின் மேல் ஒரு துளி எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊற வைத்து, துணியால் ஒற்றி எடுங்கள், உரசாதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மெழுகைச் செதிலின் ஓரத்துக்குள் போகும்படி தடவுங்கள். மூன்று நாள் கழித்துப் பாருங்கள். புதுப் பழுப்பு தெரியாவிட்டால் துரு நின்றுவிட்டது. தெரிந்தால் மறுபடியும் அதையே செய்யுங்கள். உரிந்த தழும்போடு அப்படியே வைத்திருங்கள். விற்க வந்தால், அந்தத் தழும்பை முதலிலேயே வாங்குபவருக்குக் காட்டி விலை பேசுங்கள்.